கோலம் மூடியிருக்கு

கோலாலம்பூர்,
மார்கழி 3

அன்புள்ள அம்மாவுக்கு,

"அங்க கோலம் போட இடம் இருக்காடா?"ன்னு போன்ல கேட்டியே. இடமா? எங்க அடுக்குமாடியில ஆறாவது மாடியிலேயே கோலம் இருக்கு. நாலடி ஆழம்.

மலாய்ல 'கோலம்'னா குளம். நம்ம குளந்தான் கடல் தாண்டி இப்படி ஆயிடுச்சு. கப்பல் 'கபால்', கடை 'கெடாய்', கழுதை 'கெல்டாய்'. அப்பாகிட்ட சொல்லு, சுமத்ராவுல பரூஸ் பக்கம் 1088-லயே நம்ம வணிகருங்க தமிழ்ல கல்வெட்டு வெச்சிருக்காங்க. நான் வந்து எட்டு மாசம், வாடகை ரசீதுல கையெழுத்து வெச்சதோட சரி.

இதெல்லாம் தெரியாத முதல் வாரம், லிஃப்டுல 'கோலம் டித்துத்துப்'னு நோட்டீஸ். மூடியாச்சுன்னு அர்த்தமாம். நான் கோலத்துக்குத் தடைன்னு நெனச்சு, ஆபீசுக்குப் போய் நம்ம பண்பாட்டைப் பத்தி அஞ்சு நிமிஷம் பொரிஞ்சு தள்ளினேன். அந்தப் பொண்ணு பொறுமையா கேட்டுட்டு, "மருந்து போட்டிருக்கோம், நாளைக்கு நீந்தலாம்"னுச்சு.

நீந்த விட்டாத்தானே! பருத்தித் துணி கூடாதாம். காவல்காரர் என் டவுசரை, ரங்கநாதன் தெருவுல அப்பா ஜவுளி பாக்குற மாதிரி ரெண்டு விரலால தடவி, "காட்டன்"னு தலையாட்டினார். மாத்திட்டு வந்தேன், தலைக்குத் தொப்பி எங்கன்னார். தொப்பியோட வந்தேன், குளிச்சிட்டு வான்னார். குளிச்சிட்டு வந்தா இடி இடிக்குது. கோலம் டித்துத்துப்.

கடைசியில தோலோட ஒட்டுற கறுப்பு உடுப்பு ஒண்ணு வாங்கினேன். கண்ணாடியில பாத்தப்போ, "என்னடா கோலம் இது"ன்னு நீ கேக்குறது காதுல விழுந்துச்சு. போட்டோ அனுப்ப மாட்டேன்.

நாவலூர்ல தண்ணியில இறங்க நான் யாரைக் கேட்டேன்? கைலியை மடிச்சுக் கட்டினாப் போதும். இப்ப ஓ.எம்.ஆர். பக்கமெல்லாம் கட்டடமாகி, தண்ணிதான் போக்கிடம் இல்லாம நம்ம வாசப்படி ஏறுது. இந்த மழைக்கு எவ்வளவு நின்னுச்சு? நீ "கொஞ்சம்"னா முழங்கால்னு எனக்குத் தெரியும். ஃபிரிட்ஜை மேல ஏத்தி வெச்சீங்களா?

ஒண்ணு மறந்துட்டேன். மாமா வரும்போது கோலமாவு குடுத்து அனுப்பறேன்னியே, வேணாம்மா. ஒரு கிலோ வெள்ளைப் பொடியோட ஏர்போர்ட்டுல மாட்டினா, பாவம், "கோலத்துக்கு"ன்னுதான் சொல்வார். குளத்துல போடற மருந்தான்னு கேப்பாங்க. வத்தக்குழம்புப் பொடி மட்டும் குடு.

உன் பிள்ளை