பில்லோட ஒரு மூட்டை சாம்பல்

வாடா பேராண்டி, குந்து. ஓஎம்ஆர்லேர்ந்து ராயபுரம் கல்மண்டபம் வரைக்கும் பெட்ரோலை எரிச்சிகினு வந்து, தாத்தனுக்குக் கரன்ட்டை மிச்சம் புடிக்கச் சொல்ற பாரு, இந்த மனசு யாருக்கு வரும்! எங்க வூட்ல கீறது ஒரு ஃபேன், ரெண்டு லைட்டு, உங்க ஆயா பாக்குற டிவி. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் சர்க்காரே சும்மா குடுக்குது. அதைத் தாண்டறதுக்கே நாங்க முக்கணும். எதைடா அணைக்கறது? ஆயா சீரியல் பாக்கறப்ப நீயே போயி டிவியை அணை, பாக்கலாம்.

ஃபேக்டரி பக்கத்துல ஏன் குடியிருக்கறீங்கன்னு வேற கேக்கற. ராயபுரம் ரயில் டேசனைத் தொறந்ததே 1856லதான். அதுக்கு முன்னாலயே இங்க வலை காஞ்சிகினு இருந்துச்சுடா. யாரு பக்கத்துல யாரு வந்து குந்தினது?

சட்டம் போட்டா எல்லாம் சரியாப் பூடும்ன்ற. நல்லா கேளு. ஹார்பர்ல நிலக்கரியையும் இரும்புத் தாதுவையும் மலையாக் குமிச்சு வெச்சிருந்த காலத்துல, வெள்ளை வேட்டியைக் கொடியில போட்டா சாயங்காலம் சாயம் ஏறி வரும். 2011ல ஐகோர்ட்டு, இங்க இறக்கக் கூடாதுன்னுச்சு. ராயபுரம் மூச்சு விட்டுது. கரி கடல்லயா கரைஞ்சுது? வடக்கால கீற எண்ணூர் துறைமுகத்துக்குப் பூட்ச்சு. நாங்களும் வேட்டியை உதறிக் காயப்போட்டுகினு கம்முனு இருந்துட்டோம். எண்ணூர்க்காரனும் வேட்டிதான் கட்றான், அது வேற விசயம்.

அங்க 1970ல ஆரம்பிச்ச அனல்மின் நிலையத்தை 2017ல மூடினாங்க. அப்பாடான்னு நிமிர்ந்தா, 2024ல பக்கத்துலயே வடசென்னையில 800 மெகாவாட்டு புதுசா தொறந்துட்டாங்க. கந்தகப் பொகையைக் குறைக்கணும்னு டில்லியில 2015லயே விதி வந்துச்சு. ரெண்டு வருசம் டைம்னாங்க. அப்பால தவணை, தவணைக்கு மேல தவணை. காசிமேட்டுல மீன் விக்கற பொம்பள தண்டல்காரன்கிட்ட ஒரே ஒரு நாள் தவணை கேட்டுப் பாக்கட்டும், இன்னா பேச்சு வாங்குவான்னு தெரியும்.

மிச்சம் புடிக்கறதை வாணாம்னு சொல்லலடா. உங்க ரூம்ல ஒன்றரை டன் ஏசி. 18ல வெச்சிகினு, குளுருதுன்னு கம்பளி போத்திக்கற. ராத்திரி பூரா ஓடினா சுமாரா 10 யூனிட். ஒரு யூனிட்டுக்கு முக்கா கிலோகிட்ட நிலக்கரி எரியணும். நம்ம நாட்டுக் கரின்னா மூணுல ஒரு பங்கு சாம்பல். ஆக, உன் ஒரு ராத்திரித் தூக்கத்துக்கு ரெண்டு கிலோ சாம்பல். அதைத் தண்ணியில கலக்கி, குழாய்ல சாம்பல் குளத்துக்கு அனுப்புவாங்க. குழாய் ஒழுகினா கொசஸ்தலை ஆத்துக்குப் போவும். காட்டுக்குப்பத்துக்காரன் இறாலுக்கு எறங்கற எடத்துல கால் சாம்பல் சேத்துல பொதையுது. 24ல வெச்சாப் போதும்னு சர்க்காரே சொல்லுது. ஒரு டிகிரி ஏத்தினா 6 சதம் மிச்சமாம். நீ ஏத்தினாத்தானே?

அதுக்குத்தான் தாத்தன் ஒரு ரோசனை வெச்சிகிறேன். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ரீடிங் எடுக்க ஆள் வர்றாரில்ல, அவர் கையில பில்லோட உன் பங்கு சாம்பலையும் குடுத்தனுப்பிடலாம். மொத்தம் 120 கிலோ ஆவும், அவ்ளோதான். எட்டாவது மாடின்னு பயப்படாதே, உங்க பில்டிங்ல லிஃப்ட் கீது. அது ஏறி எறங்கற கரன்ட்டுக்கு உண்டான சாம்பலை அடுத்த பில்லுல பாத்துக்கலாம்.