தொட்டிக்கடல் பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, பட்டணத்துல தொட்டி கட்டி, அதுல அலை அடிக்க வச்சு, பொம்மை மிதவையில கரண்டு எடுக்கியாமே! நல்ல சோலிலே. உங்க பூட்டன் வள்ளத்துல உக்காந்து அலைக்குக் காத்துக் கெடந்தாரு. நீ பட்டனத் தட்டினா அலை வந்து நிக்கி. பேரு வாங்கதுக்கு ரெண்டு யோசனை சொல்லுதேன், கேட்டுக்கிடு.

மொதல்ல அலையப் பாத்து எடு. ஒவ்வொரு மிதவைக்கும் ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்துல அலை வந்தா சாமி வந்த மாதிரி ஆடும். அந்த அலைய மட்டும் விட்டுப் படம் பிடி. நெட்டையும் குட்டையுமா கலந்து வாற அலைய விட்டுக் காட்டுன்னு எவனாவது கேட்டா, "அது அடுத்த வருசத் திட்டம்"னு சொல்லி டீ வாங்கிக் குடு.

அடுத்து கணக்கு. 25-ல ஒரு பங்கா சுருக்கின பொம்மைன்னா, 2 மீட்டர் அலை 8 சென்டிமீட்டர் ஆயிரும். நேரம் மட்டும் அந்த அளவுக்குச் சுருங்காது, 5-ல ஒண்ணுதான். 10 செகண்டுக்கு ஒருக்க வாற அலைய 2 செகண்டுக்கு ஒருக்க விடணும். வில்லியம் ஃபுரூடுன்னு ஒரு வெள்ளைக்காரன் 1870-கள்லயே இங்கிலாந்துல தொட்டி கட்டி, பொம்மைக் கப்பல இழுத்துப் பாத்துப் போட்டுவச்ச பாதை இது. கரண்டுன்னு வந்தாத்தான் யோகம்: 78,125 மடங்கு! பொம்மை ஒரு வாட் குடுத்தா, பெருசு 78 கிலோவாட் குடுக்கும்னு எழுதிரலாம். கருவி கால் வாட் கூடக் காட்டிச்சுன்னா? அதுவும் சேந்து பெருகும், உனக்கென்ன நட்டம்?

பெட்டிக்குள்ள தண்ணி ஏறி எறங்கி, காத்தத் தள்ளி டர்பைன் சுத்துத சாதனம்னா இன்னும் வசதி. பெருசுல காத்து ஸ்பிரிங் மாதிரி அமுங்கும். பொம்மையில அமுங்கவே அமுங்காது. அதச் சரிக்கட்டணும்னா பொம்மைக்கு அதோட அளவுக்கு 25 மடங்கு காத்து வேணும். ஒரு டிரம்மப் பக்கத்துல வச்சு குழாய்ல சேக்கணும். டிரம்முக்கு பில் போடணும், மூணு பேர் கையெழுத்து வேணும். எதுக்கு வம்பு? டிரம்மு இல்லாமலே சோதிச்சிரு.

தொட்டிக் கடைசியில அலைய முழுங்கதுக்குன்னு ஒரு சரிவு இருக்குமே, அதையும் ரொம்ப நோண்டாத. முழுங்காத அலை திரும்பி வந்து மிதவைய இன்னொரு தள்ளு தள்ளும். ஓசித் தள்ளு! எடின்பரோவுல ஸ்டீபன் சால்ட்டர்னு ஒரு புரொபசர் இருந்தாரு. திரும்பி வாற அலைய உணந்து முழுங்கிப்புடுத துடுப்பையே செஞ்சவரு. அந்த ஊர்லயே 2014-ல 25 மீட்டர் அகலத்துக்கு வட்டத் தொட்டி ஒண்ணு தொறந்தாங்க. சுத்திலும் 168 துடுப்பு, எந்தப் பக்கமிருந்தும் அலை வரும். அங்க மட்டும் போயிராதலே. ஒளியதுக்கு ஒரு மூலைகூடக் கெடையாது.

புயல் அலைய விட்டுப் பாக்கேன்னு அடம் பிடிக்காத. பொம்மை ஒடைஞ்சா திட்டு வாங்கப் போறது நீதான். நார்வேக்காரன் டோஃப்டெஸ்டாலன்ல 1985-ல நெசமான நிலையமே கட்டினான், 500 கிலோவாட். 1988 டிசம்பர்ல கடல் பேத்து எடுத்துட்டுப் போயிட்டு. அதெல்லாம் உன் ரிப்போட்டுல எதுக்கு?

நம்ம தூத்துக்குடிக்கும் 2022 நவம்பர்ல சென்னை ஐஐடிக்காரங்க 'சிந்துஜா'ன்னு அலையில கரண்டு எடுக்குத மிதவை ஒண்ணக் கொண்டாந்தாங்க. கரையிலேந்து ஆறு கிலோமீட்டர், 20 மீட்டர் ஆழம். நெசக் கடல்ல போட்டுப் பாத்துட்டாங்க பாவிப் பயலுக. உனக்கு அந்த அவசரம் வேண்டாம். உன் தொட்டியில பாசி பிடிக்காது, கொட்டலசு ஒட்டாது, எவன் வலையும் வந்து சிக்காது.

இம்புட்டும் கேட்டப்புறமும் கடலுக்கு வருவேன்னா, கச்சான் அடிக்க ஆடி மாசத்துல வா. நம்ம வள்ளத்தையே எடுத்துக்கிடு, வாடகை பேரனுக்குன்னு கொறச்சுக்கிடுதேன். ஆனா துட்ட மொதல்லயே எண்ணி வச்சிரு. உன் பொம்மைய நம்பி நான் கடன் குடுக்க முடியாது.