கட்டைவிரலார்

எங்கள் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் குடியிருப்பவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. லிஃப்டுக்குப் பக்கத்துப் பலகையில்கூட அது எழுதியிருக்கிறது. ஆனால் நான் அவரைக் கட்டைவிரலார் என்றுதான் சொல்வது. ஆளைப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு அறிமுகமானது அந்த விரல்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரம். மேலே டக், டக், டகடக், டப் என்று கேட்டது. அந்தக் காலத்துத் தட்டச்சு நிலையத்தை யாரோ மேல்வீட்டில் திறந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். போய்க் கதவைத் தட்டினால், காதில் ஹெட்ஃபோனும் மார்பில் பேஸ் கிட்டாருமாக ஒரு பிள்ளை. இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும்.

"சாரி அங்கிள். சத்தம் வெளியே வரக்கூடாதுன்னுதான் ஹெட்ஃபோன் போட்டிருக்கேன்."

நல்ல எண்ணந்தான். ஆனால் ஸ்லாப் வாசிப்பவர் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டால் இசை அவருக்குப் போய்விடுகிறது, தட்டு மட்டும் நமக்கு மிஞ்சுகிறது.

ஸ்லாப் என்றால் தமிழில் அறைதான். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியை விரல் நுனியால் மீட்டாமல், கட்டைவிரலின் கணு எலும்பால், கழுத்துப் பலகை முடிகிற இடத்தில் ஓங்கி ஒன்று வைப்பது. வைத்த விரல் சூடான தோசைக்கல்லைத் தொட்டதுபோல உடனே எகிறிவிட வேண்டும். அடுத்து, ஆள்காட்டி விரலை மெல்லிய தந்திக்கு அடியில் கொக்கியாகப் போட்டு இழுத்துவிட்டால், தந்தி ஃப்ரெட் கம்பிகளில் மோதி 'டப்' என்று வெடிக்கும். முதல் அடி டிரம்ஸ்காரரின் கால் டிரம் மாதிரி. இரண்டாவது ஸ்னேர் மாதிரி. இடையிடையே இடது கையால் தந்தியை அமுக்கிவிட்டுச் சுருதியில்லாத வெறும் தட்டுகளையும் செருக வேண்டும். வேகம் முழங்கையில் இல்லை, மணிக்கட்டில் இருக்கிறது. பூட்டில் சாவி திருப்புகிற மாதிரி கை சுழல வேண்டும். இதெல்லாம் கட்டைவிரலார் எனக்கு விளக்கியது. செய்வது முழங்கையால்தான்.

"ரூமுக்குள்ள உட்கார்ந்து அறைஞ்சுக்கிட்டே இருக்கான், யாரைன்னுதான் தெரியலை" என்பார் அவருடைய அம்மா.

இவர் தனி ஆள் இல்லை, ஒரு ஜாதி. வேளச்சேரியில் உண்டு, போரூரில் உண்டு, நாவலூரில் கட்டாயம் உண்டு. பகலெல்லாம் மடிக்கணினி, மாலையில் கிட்டார், இரவில் கைபேசியில் யாரோ ஒருவரின் கையைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே தூக்கம். குரு நேரில் இல்லை, உருவம் மட்டும் எதிரே. கட்டைவிரல் வேறு சம்பந்தப்பட்டிருப்பதால் ஏகலைவன் நினைவு வரும். எனக்குத் துரோணர் நினைவுதான் வந்தது. அந்த மனிதர் ஏன் அப்படி ஒரு தட்சிணை கேட்டார் என்பது இரண்டாவது மாடியில் குடியிருந்தால் புரியும்.

இந்த ஜாதியை அடையாளம் காண்பது சுலபம். கிட்டார் கையில் இல்லாதபோதும் கட்டைவிரல் ஓயாது. சாப்பாட்டு மேசை, ஸ்டீல் டம்ளர், லிஃப்டின் சுவர், சிக்னலில் நிற்கும்போது வண்டியின் பெட்ரோல் டேங்க், எதுவும் தப்பாது. கைகொடுத்தால் குலுக்கமாட்டார், விரலைத் திருப்பிக் காட்டுவார். "காய்ச்சிருச்சு அங்கிள், தொட்டுப் பாருங்க." பெண் பார்க்க வந்தவர்களுக்கும் இதைக் காட்டியதாகக் கேள்வி. ஆபீஸில் கைரேகை வைக்கும் இயந்திரம் தன் ஆள்காட்டி விரலை அடையாளம் கண்டுகொள்ள மறுக்கிறது என்பதை மற்றவர்கள் பதவி உயர்வைச் சொல்வதுபோலச் சொல்வார்.

காய்ப்பதற்கு முன் ஒரு கட்டம் உண்டு, கொப்புளக் கட்டம். மேல்நாட்டு ஆசிரியர்கள் இதைப் பற்றி எச்சரித்தாலும் அவர்கள் முள்கரண்டியால் சாப்பிடுகிறவர்கள். நம் கஷ்டம் அவர்களுக்குத் தெரியாது. நமக்குச் சோற்றை வாய்க்குள் தள்ளுவதே கட்டைவிரல்தான். கொப்புளம் உடைந்த விரலோடு மிளகு ரசத்தில் கைவைத்த அன்று மேலேயிருந்து வந்த அலறலில்தான் முதல்முறையாக அவரிடம் சுருதி சுத்தமாக இருப்பதைக் கவனித்தேன். அந்த வாரம் முழுக்க அம்மாதான் பிசைந்து ஊட்டிவிட்டார். ஊரிலிருந்து வந்திருந்த தஞ்சாவூர்த் தாத்தா, "தவில்காரன் மாதிரி விரலுக்குக் கூடு மாட்டிக்கிறதுதானேடா" என்று கேட்டார். அந்த யோசனையை யாரும் பொருட்படுத்தவில்லை. எனக்கு இன்றும் அது நியாயமான யோசனையாகத்தான் படுகிறது.

கிட்டார் வாரின் உயரத்தை வைத்தே அவர் அந்த வாரம் யாருடைய பக்தர் என்று சொல்லிவிடலாம். கிட்டார் ராக் பாணியில் முழங்காலை நோக்கித் தொங்கும் சில வாரம். நெஞ்சுக்கு ஏறிவிட்டால், லெவல் 42 என்ற பிரிட்டிஷ் குழுவின் மார்க் கிங். அந்த மனிதர் அப்படி உயரத்தில் மாட்டிக்கொண்டு, இயந்திரம் மாதிரி கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே பாடவும் செய்வார். முதலில் அவர் டிரம்ஸ்காரர். இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. காரணம் பின்னால் வருகிறது.

விக்டர் வூட்டன் வாரங்கள்தான் அடுக்ககத்துக்குச் சோதனைக்காலம். கட்டைவிரல் அடித்துவிட்டு எகிறாமல் தந்தியைத் தாண்டிக் கீழே இறங்கும்; திரும்ப மேலே வரும்போது அதே தந்தியில் இன்னோர் அடி. ஷேர் ஆட்டோ கணக்கு: போகும்போதும் ஆள் ஏற்ற வேண்டும், வரும்போதும் ஏற்ற வேண்டும். சத்தம் ஒரேயடியாக இரட்டிப்பாகிவிடும். வூட்டனுக்கு அண்ணன் ரெஜி பேஸ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோது வயது இரண்டு. ஆறு வயதுக்குள் சகோதரர்களோடு மேடையேறிவிட்டார். நம்மவர் ஆரம்பித்தது இருபத்தாறில், ஆடியில். தீபாவளிக்குள் வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

அவரிடம் பாட்டைப் பற்றிப் பேசமுடியாது. வேகத்தைப் பற்றிப் பேசலாம்.

"நேத்து 132 வந்துருச்சு அங்கிள்."

"எந்தப் பாட்டு தம்பி?"

"பாட்டு இல்ல அங்கிள். லிக்."

லிக் என்பது பாட்டில் சேராத, ஆனால் பாட்டிலிருந்து வந்தது மாதிரி இருக்கிற ஒரு துண்டு. தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 120 வைத்து, ஓர் அடிக்கு நான்கு தட்டு போட்டால் விநாடிக்கு எட்டு. 132 என்றால் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே. 60-இல் ஆரம்பித்து, சுத்தமாக வந்தபிறகு இரண்டிரண்டாக ஏற்ற வேண்டும் என்பது விதி. கட்டைவிரலார் 60-இல் வாசித்து நான் கேட்டதே இல்லை. 100-இல் தப்பாக வந்தால் 110 போட்டுப் பார்ப்பார். அங்கே தப்பு சீக்கிரம் கடந்துவிடுகிறதாம்.

ஒருமுறை 'சைன்ஃபெல்ட்' என்ற பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு, காட்சிக்குக் காட்சி நடுவில் வரும் அந்தத் துள்ளலான பேஸை அப்படியே பிடிக்கிறேன் என்று இறங்கினார். ஒரு மாதம். மணிக்கட்டில் வலிக்கான பட்டை, முகத்தில் தாடி. கடைசியில்தான் தெரிந்தது, அது பேஸ் கிட்டாரே இல்லை. இசையமைப்பாளர் ஜோனதன் உல்ஃப் கீபோர்டில் வாசித்தது. இரண்டு நாள் மேல்வீட்டில் சத்தமே இல்லை. அந்த உல்ஃப் நீடூழி வாழ வேண்டும்.

நானும் ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவன்தான். எங்கள் பேஸ்காரர் பெரம்பூர் ரயில்வே குடியிருப்பிலிருந்து சைக்கிளில் வருவார். நாற்காலியில் உட்கார்ந்தால் கச்சேரி முடியும்வரை முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. அவர் வாசிப்பது கூட்டத்தில் யாருக்கும் கேட்காது. ஆனால் நிறுத்தினால் எல்லோருக்கும் கேட்கும். இதை ஒருநாள் கட்டைவிரலாரிடம் சொல்லி, "'என் இனிய பொன் நிலாவே' வாசிச்சுக் காட்டு தம்பி" என்றேன். 1980-இல் 'மூடுபனி'யில் வந்தது. கிட்டார் கற்கும் எந்தப் பிள்ளையும் தடவிப் பார்க்கும் பாட்டு. "அதுல கட்டைவிரலுக்கு வேலை இல்லையே அங்கிள்" என்றார்.

பொங்கல் விழாவுக்கு அடுக்ககத்திலேயே ஒரு குழு கட்டினோம். சங்கச் செயலாளரின் மனைவி பாட்டு, எட்டாம் வகுப்புப் பையன் கீபோர்டு, நான் வாடகை டிரம்ஸ், கட்டைவிரலார் பேஸ். ஒத்திகையில் ஒழுங்காகத்தான் இருந்தார். மேடையில், மெதுவான மெலடிப் பாட்டு, பல்லவி முடிந்து சரணம். அம்மையார் கண்ணை மூடி ஒரு சங்கதி போட்டு இறங்கும்போது டகடகடப் என்று ஒன்று வெடித்தது. அம்மையார் கண் திறந்தார். அடுத்த வரியிலும் வெடித்தது. மைக் செட்காரர் ஓடிவந்து பேஸ் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் குனிந்து, "ஒயர்ல லூஸ் காண்டாக்ட் சார், ஒரு நிமிஷம்" என்று பிளக்கைப் பிடுங்கி, ஊதி, மறுபடி சொருகினார். முன்வரிசை மாமா ஒருவர், மழைக்காலத்தில் இப்படித்தான் ஆகும் என்றார். கட்டைவிரலாரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவேன் என்று பயம்.

பாத்திரத்தில் பொங்கல் ஆறிக்கொண்டிருந்த இரவில் மொட்டை மாடியில் வைத்து, அவராகவே எனக்கு லாரி கிரஹாம் கதையைச் சொன்னார். கலிஃபோர்னியாவில், பியானோ வாசித்துப் பாடும் தன் அம்மாவோடு சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்த பையன். ஒரு கட்டத்தில் அவர்களிடம் டிரம்ஸ்காரர் இல்லாமல் போனார். கால் டிரம்முக்குப் பதில் கட்டைவிரலால் தந்தியை அடித்தான், ஸ்னேருக்குப் பதில் தந்தியை இழுத்துவிட்டான். இன்று உலகம் ஸ்லாப் என்று சொல்வது அப்படிப் பிறந்தது. பிறகு ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் குழுவில் சேர்ந்து 1969-இல் 'தேங்க் யூ' பாட்டில் அதை உலகத்துக்கே கேட்கவைத்தார்.

"அதாவது, டிரம்ஸ்காரன் இல்லாததால வந்த வித்தை" என்றேன்.

"ஆமா அங்கிள்!" என்றார் உற்சாகமாக.

நான் மடியில் வைத்திருந்த டிரம்ஸ் குச்சிகளைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு கைபேசியில் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினார். சும்மா சொல்லக்கூடாது, அசந்துபோனேன். பாட்டு முழுக்க ஏறக்குறைய ஒரே ஒரு சின்ன வரி, திரும்பத் திரும்ப. வேகமில்லை. நடுவில் தாராளமாக இடம். டிரம்ஸ்காரர் அந்த இடத்தில் நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருக்கிறார்.

"இது மெட்ரோனோம்ல எவ்வளவு வரும்?" என்று கேட்டேன்.

"இது ரொம்ப ஸ்லோ அங்கிள். ஆரம்பகாலத்து வாசிப்பு இல்லையா" என்றார்.

சென்ற மாதம் கட்டைவிரலார் ஐந்து தந்தி பேஸ் ஒன்று வாங்கிவிட்டார். நான்கு தந்தி பேஸில் ஆகக் கீழான தந்தியின் அதிர்வு விநாடிக்கு 41 தடவை. புதிதாக வந்திருக்கும் ஐந்தாவது தந்தி 31. மனிதக் காதுக்கு 20-க்குக் கீழே கேட்காது. இன்னும் 11 பாக்கி.