பம்பருக்கு வந்த வாழ்வு

வாடா மாப்ள, உக்காரு. பெல்லந்தூர் சிக்னல்ல ஆட்டோக்காரன் முதுகுல போய் முட்டிட்டு, அவன் இறங்கி வந்து "கண் காணல்வா?"ன்னு கேட்டப்ப பேந்தப் பேந்த முழிச்சியாமே. இப்ப முன் பம்பரை ரெண்டு கேபிள் டை போட்டுக் கட்டிக்கிட்டு வந்து நிக்கிற. கம்ப்யூட்டர் படிச்ச புள்ள, கட்டு நல்லாத்தான் கட்டியிருக்க.

உன் கவலை என்னன்னு உங்கம்மா சொல்லிருச்சு. "தப்பு என் மேலதான், இன்சூரன்ஸ்காரன் பிரீமியத்தை ஏத்திருவானோ?"ன்னு ராத்திரி தூக்கம் இல்லையாம். அடேயப்பா, அரிச்சந்திரன் பேரன்! அமெரிக்காவுல இருக்காளே உங்க அக்கா, அவ இடிச்சிருந்தா நீ படுற கவலை சரி. அங்க யார் மேல தப்புன்னு பாத்து, தப்புப் பண்ணவன் தலையில மூணு வருஷம், அஞ்சு வருஷம்னு கூடுதல் பிரீமியத்தைக் கட்டிருவான். நம்ம ஊர்க்காரன் பெரிய மனுஷன், அதெல்லாம் துருவ மாட்டான். நீ போய் இடிச்சாலும் ஒண்ணுதான், நிறுத்தி வச்ச வண்டியில எவனோ இடிச்சிட்டு ஓடினாலும் ஒண்ணுதான். அவன் பாக்குறது, உன் வண்டிச் சேதத்துக்கு நீ காசு கேட்டியா இல்லையாங்கிறதை மட்டும். கேட்டுட்டா நோ கிளெய்ம் போனஸ் அம்பேல்.

அந்த போனஸ் எப்படி ஏறுதுன்னு தெரியுமா? கிளெய்ம் இல்லாம ஒரு வருஷம் ஓட்டினா 20 சதவீதம் தள்ளுபடி. அடுத்தடுத்த வருஷம் 25, 35, 45, அஞ்சாவது வருஷம் 50. ஏணியில ஒவ்வொரு படியா ஏறணும், ஒரே கிளெய்ம்ல தரைக்கு வந்துருவ. இந்தத் தள்ளுபடி ஓ.டி.ங்கிற சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்துல மட்டும்தான். தேர்ட் பார்ட்டி பிரீமியம் அரசாங்கம் வச்ச விலை. உன் வண்டி 1,200 சி.சி.தானே? 1,000 முதல் 1,500 சி.சி. வரைக்கும் 3,416 ரூபான்னு 2022 ஜூன்ல வச்சாங்க. நீ உத்தமனா இருந்தாலும் அதுதான், உருப்படாதவனா இருந்தாலும் அதுதான்.

இப்ப மாமன் கணக்கைக் கேளு. ஒரு பேச்சுக்கு, பம்பர் 8,000 ரூபான்னு வையி. அது பிளாஸ்டிக். தேய்மானம்னு பாதியைக் கழிப்பான். மிச்சம் 4,000. அதுல கட்டாயக் கழிவு 1,000. சர்வேயர் வந்து நாலு பக்கமும் போட்டோ புடிச்சு, நீ ரெண்டு நாள் லீவு போட்டு, கைக்கு வர்றது 3,000. உன் ஓ.டி. பிரீமியம் 10,000, நீ 50 சதவீதத்துல இருக்கன்னா இதுவரைக்கும் 5,000 கட்டின. கிளெய்ம் போட்டா அடுத்த வருஷம் முழுசா 10,000. அதோட விட்டுதா? திரும்ப 50க்கு ஏறி வர்ற வரைக்கும் வருஷாவருஷம் 5,000, 3,000, 2,500, 1,500, 500னு கூடுதலாக் கட்டணும். மொத்தம் 12,500, அதுக்கு மேல ஜி.எஸ்.டி. வேற. வண்டி பழசாக ஐ.டி.வி.ங்கிற காப்பீட்டு மதிப்பு குறையும், கணக்கு கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும். ஆனாலும் சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்டா. பேசாம ஜே.சி. ரோட்டுல நாலு ஸ்பேர் பார்ட்ஸ் கடை விசாரிச்சு, கைக்காசுல மாட்டிக்கோ.

உடனே கிளெய்மே போடக் கூடாதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியாத. முன்பக்கம் அப்பளமாயி பில்லு லட்சத்தைத் தொட்டா வெக்கப்படாமப் போடு, அதுக்குத்தானே கட்டுற! ஷோரூம்ல அந்தப் பொண்ணு சிரிச்சு சிரிச்சுப் பேசுனப்ப எங்கெங்க கையெழுத்துப் போட்டியோ, பாலிசியை ஒருதடவை எடுத்துப் படி. ஜீரோ டெப் இருந்தா தேய்மானக் கழிப்பு இல்ல. போனஸ் புரொட்டெக்டர் இருந்தா ஒண்ணு ரெண்டு கிளெய்முக்கு போனஸ் தப்பிக்கும். அப்ப என் கணக்கைத் தூக்கிப் போட்டுட்டு வேற கணக்குப் போடு.

அந்த ஆட்டோக்காரன் நஷ்டஈடு கேட்டு விபத்து டிரிபியூனலுக்குப் போனாலும் உன் போனஸுக்குச் சேதாரம் இல்ல. அது தேர்ட் பார்ட்டி கணக்கு. ஆனா கோரமங்கலாவுல ரெண்டு பீரைப் போட்டுட்டு ஸ்டியரிங்கைத் தொட்டேன்னு வையி, உன் வண்டிக்குச் சல்லிக்காசு வராது. அடிபட்டவனுக்குக் கம்பெனி கொடுத்துட்டு, அந்தக் காசை உன்கிட்டயே வசூல் பண்ண கோர்ட்டு வழி விடும்.

இன்னொண்ணு. கம்பெனியை மாத்தி, கிளெய்ம் வாங்கினதை மறைச்சு போனஸ் கேட்டுப் பாக்கலாம்னு உனக்கு ஒரு யோசனை ஓடுது, எனக்குத் தெரியும். புதுக் கம்பெனிக்காரன் பழையவன்கிட்ட கேட்டுருவான். பொய்னு தெரிஞ்சா, நாளைக்கு வண்டி நொறுங்கிக் கிடக்கும்போது கையை விரிப்பான். அதே மாதிரி பாலிசி முடிஞ்சு 90 நாளுக்குள்ள புதுப்பிக்கலேன்னா, அஞ்சு வருஷம் சேத்த போனஸ் கிளெய்ம் போடாமலே போயிரும்.

கடைசியா ஒரு சேதி. எப்படி ஓட்டுறங்கிறதைப் பாத்து பிரீமியம் போடுற திட்டத்துக்கு 2022 ஜூலையில இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அனுமதி கொடுத்தாச்சு. நீ பிரேக்கை எப்படி மிதிக்கிற, எத்தனை வேகத்துல போறன்னு கருவி பாத்துச் சொல்லும். உன் ஓட்டுக்கு அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காத.

சரி, 3,000 வாங்காம 12,500 மிச்சம். ஆக மாமனால உனக்கு லாபம் 9,500. அதுல பாதி எனக்கு. சர்வேயர் வேண்டாம், தேய்மானமும் புடிக்க வேண்டாம், ரொக்கமா இப்படிக் கையில வையி.