இடுப்புக்கு எத்தனை மணி?

கத்தி செய்கிறவர்கள் யாரும் உட்காருவதே இல்லை போலிருக்கிறது. நின்றுகொண்டே செய்கிறார்கள், நின்றுகொண்டே விற்கிறார்கள், சாப்பாடுகூட கையேந்தி பவனில்தான் என்று நினைக்கிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தங்கள் கத்தியை இடுப்பில் மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருந்தால் இந்த உறையை இப்படித் தைத்திருக்க மாட்டார்கள்.

நேற்று தோட்டத்திலிருந்து திரும்பும்போது ரயில்வே கேட் சாத்தியிருந்தது. ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி காத்திருந்தேன். உறை தொடையோரம் தொங்குகிறது. சீட் அதன் நுனியை மேலே தள்ளுகிறது. நுனி மேலே போனால் பிடியும் மேலே போகும், பிடி போய்ச் சேருகிற ஊர் கடைசி விலா எலும்பு. ரயில் போய், கேட் திறந்து, வேகத்தடையில் ஏறி இறங்கியபோது உயிரே ஒரு சுற்று சுற்றி வந்தது. இதை எழுதும்போதும் அந்த இடம் கன்றிப்போய்க் கிடக்கிறது.

ஆகவே கத்தியைப் படுக்கைவாட்டில் பெல்ட்டோடு பெல்ட்டாக மாட்டிக்கொள்வதுதான் வழி. அதற்குத் தோதான கத்தி எது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் சில விஷயங்கள் பேச வேண்டியிருக்கிறது.

மடக்குக் கத்தி வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். வாழைத்தோட்டத்தில் மடக்குக் கத்தியை வைத்திருந்து பாருங்கள். வாழைக் கறை கீலுக்குள் இறங்கி, காய்ந்து, இரண்டாம் வாரம் கத்தி திறக்காது, திறந்தால் மூடாது. சொட்டுநீர்க் குழாய் வெட்டவும், உரமூட்டைத் தையலைப் பிரிக்கவும், சருகு கழிக்கவும் மடங்காத கத்திதான் சரி. உறையில்லாமல் வைத்துக்கொள்ளலாமே என்றால், அந்த முறையை எங்கள் தோட்டத்து அண்ணன் பல வருடமாகக் கடைப்பிடிக்கிறார். வேலை முடிந்ததும் பக்கத்து வாழைத் தண்டில் கத்தியைக் குத்தி வைப்பார். வைத்த மரம் மறந்துபோகும். தார் வெட்டி மரம் சாய்க்கிற அன்று துருப்பிடித்த கத்தி ஒன்று பிறந்து வரும். “ஏனுங்க, இது நம்முளுதாட்ட இருக்குதுங்களே” என்பார். நம்முடையதேதான்.

சரி, நல்ல கத்தியாகப் பார்ப்போம் என்று ராத்திரி போனை எடுத்தால், அது என்ன உலகம் என்பது உங்களுக்கே தெரியும். தாடி வைத்த ஒருவர் கத்தியால் முன்கை முடியை மழித்துக் காட்டுகிறார். அடுத்தவர் விறகுக்கட்டையின் மேல் கத்தியை வைத்து இன்னொரு கட்டையால் அடித்துப் பிளக்கிறார். மூன்றாமவர் இரும்பின் ஜாதகத்தையே வாசிக்கிறார். கார்பன் எவ்வளவு, குரோமியம் எவ்வளவு, ராக்வெல் கடினம் 58ஆ 60ஆ. 1095 என்கிற இரும்பில் கார்பன் ஏறக்குறைய 0.95 சதவீதம் என்பது எனக்கு இப்போது தூக்கத்திலும் தெரியும். அது வாழைக் கறை பட்டால் கறுத்துப்போகும் என்பதும் தெரியும். ஸ்வீடனில் மோரா என்ற ஊர்ப்பக்கம் செய்கிற கத்தி மலிவு, 12சி27 என்ற துருப்பிடிக்காத ரகத்தில் கிடைக்கும், அலகு பத்து சென்டிமீட்டர் சொச்சம் என்பதெல்லாம் மனப்பாடம். என் முன்கையில் மழிக்கிற அளவுக்கு முடி கிடையாது. விறகு பிளக்கக் கோடாலி இருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான்: ஐயா, அதை மாட்டிக்கொண்டு கொஞ்சம் உட்கார்ந்து காட்டுங்கள். ஒருத்தரும் காட்டுவதில்லை. விளம்பரப் படத்தில் கத்தி பாசி படிந்த மரக்கட்டையின் மேல் ஹாயாகப் படுத்திருக்கிறது. உட்கார வேண்டியது அதுவா, நானா?

கத்திக்காரர்களுக்கு இடுப்பு ஒரு கடிகாரம். தொப்புள் பன்னிரண்டு மணி, வலது பக்கவாட்டு மூன்று, முதுகெலும்பு ஆறு, இடது பக்கவாட்டு ஒன்பது. “நான் பதினொன்றில் வைத்திருக்கிறேன்”, “எனக்கு நாலு மணிதான் செட் ஆகும்” என்று பேசிக்கொள்வார்கள். நானும் நல்ல நேரம் பார்க்க ஆரம்பித்தேன்.

பன்னிரண்டு மணி: நிற்கிறவரை ராஜபோகம். குனிந்தால் உறை அடிவயிற்றைக் கிள்ளும். தோட்டத்து வேலை என்பதே குனிவதுதான். ஒரு மணி: மணிக்கட்டைத் திருகினால்தான் பிடி கைக்கு வரும். திருகிய மணிக்கட்டோடு கத்தியை உருவுவது வயிற்றுக்கு நல்லதல்ல. இரண்டு மணி: பேன்ட் பாக்கெட்டின் வாசலிலேயே கத்தி குடியேறிவிடுவதால் சாவியும் இல்லை, போனும் இல்லை. மூன்று மணியில் வைத்துக்கொண்டு உரக்கடைக்குப் போனேன். கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தேன். பில் போட்டதும் எழுந்தேன். நாற்காலியும் எழுந்தது. கல்லாவில் இருந்த பெண் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

நாலு மணி, சாய்ந்தால் சிறுநீரகம். ஐந்து மணி, பர்ஸோடு தகராறு. ஆறு மணிக்குப் பெரிய வரலாறே இருக்கிறது. அர்ஜென்டினாவின் மாடு மேய்க்கும் குதிரைக்காரர்கள், கௌச்சோக்கள், ஃபகோன் என்கிற நீளக் கத்தியை முதுகுப்பக்கம் இடுப்பில் குறுக்காகச் செருகிக்கொள்வார்கள். பிடி வலதுபக்கம் எட்டிப் பார்க்கும், கை பின்னால் போனால் கத்தி வரும். குதிரை மேல் எத்தனை மணி நேரம் இருந்தாலும் குத்தாது. அடடா என்று நானும் ஆறு மணிக்குப் போனேன். பிறகுதான் புரிந்தது. குதிரைக்குச் சாய்மானம் கிடையாது. கௌச்சோக்கள் குடிசையில் மாட்டு மண்டையோட்டின் மேல் உட்காருவார்கள் என்பார்கள், அதற்கும் சாய்மானம் கிடையாது. என் வீட்டில் மண்டையோடு இல்லை, சோபா இருக்கிறது. சோபாவின் ரெக்சின் இப்போது கிழிந்தும் இருக்கிறது. தவிர, வரப்பில் வழுக்கி மல்லாந்து விழுந்தால் முதுகெலும்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஏழும் எட்டும் இடதுகைக்காரர்களின் ராஜ்ஜியம், நமக்கு விசா கிடையாது. ஒன்பது மணி வெகு சுகம், காரில் ஏறும்வரை. நம் ஊர் கார்களில் ஓட்டுநரின் சீட் பெல்ட் வந்து மாட்டுகிற இடம் சரியாக ஒன்பது மணி. ஒரே பூட்டுக்கு இரண்டு சாவி நுழையப் பார்க்கும். பத்து மணியில் இடது முழங்கை உரசும்.

மிச்சம் பதினொன்று. தொப்புளுக்குச் சற்று இடப்பக்கம், படுக்கைவாட்டில், பிடி வலது கையைப் பார்த்தபடி. எல்லோரும் சிபாரிசு செய்கிற முகூர்த்தம் இதுதான். இடது கையால் உறையை அழுத்திப் பிடித்து, வலது கையால் உருவினால் சத்தமில்லாமல் வரும். உட்காரலாம், ஸ்கூட்டர் ஓட்டலாம், பெல்ட்டும் போடலாம். ஆனால் இந்தச் சிபாரிசுக்காரர்கள் அத்தனை பேரும் வயிறு ஒட்டியவர்கள். பத்தாம் வகுப்பில் வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்தோமே, கோடு வட்டத்தை ஒரே ஒரு புள்ளியில்தான் தொடும் என்று, அந்தத் தேற்றத்தை என் இடுப்பு தினமும் நிரூபிக்கிறது. நாலு இஞ்ச் பிடியும் நாலு இஞ்ச் அலகும் சேர்ந்த நேர்கோடு நடுவில் தொட்டுக்கொண்டு இரண்டு முனையிலும் அந்தரத்தில் நிற்கிறது. போதாக்குறைக்கு, காலையில் பதினொன்றில் மாட்டிய கத்தி சாப்பாட்டுக்குப் பிறகு பதினொன்றேகாலுக்கு வந்துவிடுகிறது. கத்தி நகரவில்லை, தொப்புள் இடம் மாறியிருக்கிறது. நான் கத்தியைத் திருத்த, வயிறு திருந்தாமல் இருக்க, பத்தேமுக்காலா பத்தரையா என்று பெல்ட்டைத் தள்ளித் தள்ளி நிற்பதை அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “வவுறு செரியில்லைங்களா? ஓமத்தண்ணி வெச்சுத் தரட்டுங்களா?” என்றார்.

இதையெல்லாம் தீர்த்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். குடகுக்காரர்கள் பீச்சேகத்தியை முன்பக்கம் பட்டுக் கச்சையில் செருகுகிறார்கள். அகலமான ஒடிக்கத்திக்கு முதுகுப்பக்கம் தனியாகப் பித்தளைப் பிடிப்பு. பனையேறிகள் பாளை அரிவாளை அரிவாள்பெட்டியில் போட்டுப் பின்னிடுப்பில் கட்டிக்கொள்வார்கள், மரத்தை நெஞ்சோடு அணைத்து ஏறுகிற வேலையில் முன்பக்கம் மரத்துக்கு. ஜப்பானியச் சாமுராய்கள் கூர்ப்பக்கம் மேலே இருக்கும்படி வாளை அரைக்கச்சையில் செருகினார்கள், ஒரு வீட்டுக்குள் போய் உட்காருவதென்றால் நீள வாளைக் கழற்றி வைத்துவிட்டுக் குட்டையானதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கவனியுங்கள், இவர்களில் ஒருவர்கூடப் பேன்ட் பெல்ட்டில் மாட்டவில்லை. துணிக் கச்சை வயிற்றோடு வளையும். என் பெல்ட் எருமைத்தோல். அது எருமைக்கே வளையவில்லை.

உறை விஷயத்துக்கு வருவோம். கைடெக்ஸ் என்கிற பிளாஸ்டிக் உறை உள்ளே போட்டால் டக்கென்று பிடித்துக்கொள்ளும், மழைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மண் துகள் ஒன்று உள்ளே போனால் ஒவ்வொரு தடவையும் அலகில் கோடு கிழிக்கும். பொழுதைக்கும் கடகடவென்று பேசும். தோல் உறை பேசாது, உடம்போடு கொஞ்சம் வளையவும் செய்யும். அதற்கு வியர்வை ஆகாது. கத்தியை உள்ளேயே வைத்துத் தூங்கவிட்டால் ஈரத்தைக் குடித்துத் துருவைக் கக்கும். பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கிறவரிடம் ஒன்று தைத்து வாங்கினேன். கூர் இருக்கிற ஓரத்தில், இரண்டு தோலுக்கும் நடுவே தோல் பட்டை ஒன்றை வைத்து அவர் தைத்ததைப் பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் கத்தி முதலில் அறுப்பது தன் உறையின் நூலைத்தான். பெல்ட் நுழையப் பின்பக்கம் இரண்டு பிளவு போட்டார். ஒன்றரை இஞ்ச் பெல்ட்டுக்குப் போட்டார். என் பெல்ட் ஒன்றேகால். அந்தக் கால் இஞ்ச்சில் கத்தி ஊஞ்சல் ஆடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஆயுத விதிகள் 9 இஞ்சுக்கு மேல் நீளமோ 2 இஞ்சுக்கு மேல் அகலமோ உள்ள அலகைத்தான் கூர் ஆயுதக் கணக்கில் சேர்க்கின்றன, அதிலும் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. நம்முடையது நாலு இஞ்ச். இருந்தாலும் வாகனச் சோதனையில் நிற்கிறவர் கையில் ஸ்கேல் இருக்காது, லத்தி இருக்கும். தோட்ட வாசலைத் தாண்டும்போது கழற்றிப் பையில் போட்டுவிடுவதே உத்தமம்.

கடைசிச் சிக்கல் பேன்ட் லூப். முன்பக்கத்து லூப்புக்கும் பக்கவாட்டு லூப்புக்கும் இடையில் உறை படுக்க இடம் போதவில்லை. எந்தக் கத்தி வாங்கினாலும் அந்த லூப் நடுவில் வந்து நிற்கும். எனவே கத்தி எது என்பதை முடிவு செய்யுமுன் லூப்பை முடிவு செய்யலாம் என்று பேன்ட்டை எடுத்துக்கொண்டு டெய்லரிடம் போனேன். இடப்பக்கத்து லூப்பை இரண்டு இஞ்ச் பின்னால் தள்ள வேண்டும் என்றேன். அவர் பேன்ட்டைப் பார்த்தார், உறையைப் பார்த்தார், டேப்பை எடுத்து என் இடுப்பைச் சுற்றினார். டேப் முனையைத் தேடிச் சற்று நேரம் போயிற்று.

“லூப்ப நகத்திப் போடலாமுங்க. அடுத்த தீவாளிக்கும் இதே அளவு நிக்குங்களா?”

அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன்.