கல்வெட்டுக்கு ஊற்றிய தண்ணீர்

அனுப்புநர்:
பத்து சென்ட் காட்டுக்கு எதிர்வீட்டுக்காரன்

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
எங்கள் மாநகராட்சி
(ஊர்ப் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். படிக்கிற எந்த மாநகராட்சியும் தனக்கு வந்த கடிதமென்று எடுத்துக்கொண்டால் தபால் செலவு மிச்சம்.)

பொருள்: எங்கள் தெருவில் மியாவாக்கி அடர்வனம் அமைத்துத் தந்தமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. திறப்பு விழாவில் நேரில் பார்த்தது. 2. அதன்பின் நான்கு வருடமாக ஜன்னல் வழியே பார்த்தது.

மதிப்பிற்குரிய ஐயா,

நான்கு வருடத்துக்கு முன்னால், உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 அன்று, எங்கள் தெருவுக்கு ஒரு காடு வந்தது. காலை பத்தரைக்கு வந்து பதினொன்றே முக்காலுக்குப் போய்விட்டது. இருந்தவரைக்கும் மிகச் சிறப்பாக இருந்தது என்பதை முதலில் பதிவுசெய்துவிடுகிறேன்.

ஷாமியானா போட்டிருந்தார்கள். தரையில் தானாக முளைத்திருந்த அருகம்புல்லைச் செதுக்கி எறிந்துவிட்டு, அதே இடத்தில் பச்சை பிளாஸ்டிக் புல் விரித்திருந்தார்கள். காலையிலேயே ஊழியர்கள் நட்டுவைத்திருந்த மகிழங்கன்று ஒன்றைப் பிரமுகர்கள் மறுபடியும் நட்டார்கள். ஒரே பூவாளியை ஒன்பது பேர் பிடித்திருந்தார்கள். கன்றுக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு டம்ளர் தேறும். மிச்சமெல்லாம் ஒருவர் செருப்பில் ஒருவர் ஊற்றிக்கொண்டது.

அடுத்துக் கல்வெட்டுத் திறப்பு. கல்வெட்டு மேடையை முந்தின நாள் சாயங்காலம்தான் கட்டினார்கள். சிமென்ட் ஈரம் காயவில்லை. விழா முடிந்த பிறகு ஏழு நாளும், காலையும் மாலையும், ஓர் ஆள் தவறாமல் வந்து மேடையைச் சுற்றியிருந்த சாக்கை நனைத்துவிட்டுப் போனார். க்யூரிங். அவர் நின்ற இடத்துக்கு இரண்டடி தள்ளிக் கன்றுகள் வெயிலில் சுருண்டுகொண்டிருந்தன. "அதுக்கும் ரெண்டு குடம் ஊத்துங்கண்ணே" என்றேன். "தோட்டம் வேற கான்ட்ராக்ட் சார். நான் சிவில்" என்றார்.

அந்த மேடை இன்றைக்கும் ஒரு கீறல் இல்லாமல் நிற்கிறது. தண்ணீர் ஊற்றினால் எதுவும் உறுதியாக நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா, ஐயா?

விழாவில் எனக்குப் பக்கத்தில் நின்ற கீரைக்கார அக்கா, பேனரைக் காட்டி, "மியாவாக்கின்னா யாருப்பா, புது மந்திரியா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பேனரில் அந்தப் பெயர் மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தது. அவர் யாரென்று ஓரிடத்திலும் இல்லை. அக்காவுக்குச் சொன்னதைத் தங்களுக்கும் சொல்லிவைக்கிறேன்.

அகிரா மியாவாக்கி ஜப்பானியத் தாவரவியலாளர். 1928இல் பிறந்து 2021இல் மறைந்தவர். ஜெர்மனிக்குப் போய் ரைன்ஹோல்ட் ட்யூக்ஸன் என்ற அறிஞரிடம் ஒரு விஷயம் கற்றுக்கொண்டார்: மனிதன் கை படாமல் விட்டால் ஒரு நிலத்தில் எது தானாக வளர்ந்து நிற்குமோ, அதுதான் அந்த நிலத்தின் சொந்தத் தாவரம். ஊர் திரும்பித் தேடினால், அப்படிப்பட்ட பழைய மரங்கள் பெரும்பாலும் ஷிண்டோ கோயில்களைச் சுற்றித்தான் மிஞ்சியிருந்தன. சாமி குற்றத்துக்குப் பயந்து யாரும் வெட்டாமல் விட்ட மரங்கள். அவற்றின் விதைகளை எடுத்துக் கன்றாக்கி நடத் தொடங்கினார். 1970களில் நிப்பான் ஸ்டீல் என்ற இரும்பாலை தன் வளாகத்தில் அவரைக் கொண்டு காடு வளர்த்தது. பெங்களூரு டொயோட்டா ஆலைக்கு அவர் காடு வைக்க வந்தபோது அங்கே பொறியாளராக இருந்த சுபேந்து சர்மா, வேலையை விட்டுவிட்டு 2011இல் இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். 2020இல் சென்னை கோட்டூர்புரத்திலும் இந்த முறையில் கன்றுகள் நடப்பட்டன. அதன்பிறகு நம் ஊர்களில் மியாவாக்கி என்ற சொல் காட்டைவிட வேகமாகப் பரவிவிட்டது.

கேட்டுக்கொண்டிருந்த அக்கா, "எங்க ஊரு அய்யனார் கோயில் காட்டுலயும் ஒரு குச்சி ஒடிக்க விடமாட்டாங்க. இதைச் சொல்ல ஜப்பான்லேர்ந்தா ஆள் வரணும்?" என்றார். அக்காவைத் தங்கள் தொழில்நுட்பக் குழுவில் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன். ஜப்பானியக் கோயில் காட்டுக்கும் நம் கோயில் காட்டுக்கும் கதை ஒன்றுதான். சோழமண்டலக் கடற்கரையின் சொந்தக் காட்டை உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். வீரை, காசான், உலக்கைப்பாலை, நாவல், காட்டெலுமிச்சை. அடியில் களா, காரை, சூரை. வானத்தைத் தொடுகிற மரங்கள் இல்லை. கட்டையாக, நெருக்கமாக, கோடையிலும் இலை உதிர்க்காமல் நிற்பவை. அந்தக் காட்டின் மிச்சசொச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் போன்ற இடங்களுக்குத்தான் போக வேண்டும். அதுவே உள்மாவட்டத்து வறண்ட ஊர் என்றால் கணக்கு வேறு: அங்கே வெள்வேலும் வன்னியும் முட்புதரும்தான் சொந்தக்காரர்கள். ஊருக்கு ஊர் பட்டியல் மாறும் என்பதுதான் மியாவாக்கி சொன்னதே.

எங்கள் காட்டுக்குத் தாங்கள் அனுப்பிய பட்டியல் எந்த ஊருக்கும் பொருந்தும். குல்மோகர் – மடகாஸ்கர். தூங்குமூஞ்சி – தென் அமெரிக்கா. கோனோகார்பஸ் – ஆப்பிரிக்காவின் சோமாலியப் பக்கம். குஜராத் அரசு 2023இல் வேண்டாமென்று தடை போட்ட செடி. பேனரில் மட்டும் 'நாட்டு மரங்களின் அடர்வனம்' என்று இருந்தது. எந்த நாடு என்று சொல்லாததால் பொய் என்றும் சொல்ல முடியாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் சென்னைத் தெருக்களில் குல்மோகர்கள் கிடந்த கிடையைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம், ஐயா. வீரை ஏன் இல்லை என்று கேட்டதற்கு, "நர்சரியில எது இருக்கோ அதுதான் சார் லிஸ்ட்" என்றார் வண்டியோடு வந்தவர். அவர்மேல் தப்பில்லை. காட்டெலுமிச்சைக்கு டெண்டர் விட்டால் கடையில் எலுமிச்சம்பழம் வாங்கி வந்து இறக்கிவிடுவார்கள் என்கிற நிலைமையில் அவரென்ன செய்வார்?

முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு சதுர மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து கன்று என்பது மியாவாக்கியின் கணக்கு. பத்து சென்ட் என்பது சுமார் 400 சதுர மீட்டர். ஆக 1,200 முதல் 2,000 கன்று. பேனரில் 2,000 என்றே போட்டிருந்தீர்கள்; இந்த இடத்தில் தாங்கள் நூற்றுக்கு நூறு. ஆனால் கன்றுக்கு முன்னால் மண் இருக்கிறது. ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கொத்திவிட்டு, தொழுவுரம், உமி, நார்க்கழிவு எல்லாம் கலந்து, வேர் சுலபமாக இறங்குகிற மாதிரி செய்ய வேண்டும். நட்ட பிறகு தரை தெரியாமல் வைக்கோல் மூட வேண்டும். எங்கள் இடத்தில் ஓரடிக்குக் கீழே பழைய கட்டட இடிபாடு. கடப்பாரை 'ணங்' என்று சொன்னதும் குழி தோண்டியவர் நிறுத்திக்கொண்டார். வைக்கோல் ஒரு லோடு வந்தது. சாயங்காலமே தெருமுனை மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டது. அதையாவது ஒரு ஜீவன் பயன்படுத்திக்கொண்டது.

ஜூன் 5 என்ற தேதியையும் சற்று யோசிக்க வேண்டும். அது ஐ.நா. சபை குறித்த நாள். ஐ.நா. சபைக்கு நம் ஊர் அக்னி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகிறது என்று தெரியாது, தங்களுக்குத் தெரியும். கிழக்குக் கடற்கரைக்கு மழை வடகிழக்குப் பருவக்காற்றோடு ஐப்பசியில் வருகிறது. புரட்டாசிக் கடைசியில் நட்டால் மழையே பாதி வேலையைப் பார்த்துவிடும். வெயிலில் நட்டுவிட்டு லாரித் தண்ணீரை நம்பினால் லாரி என்ன செய்யும் என்று பார்த்துவிட்டோம்: முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு முறை வந்தது. இரண்டாம் மாதம் வாரத்துக்கு ஒன்று. பிறகு எங்கள் கவுன்சிலர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருநாள் தெருவழியே போனது. நாங்கள்தான் தப்பாகக் கைகாட்டிவிட்டோம்.

ஆனாலும் காடு முழுதாகச் சாகவில்லை. புங்கனும் நாவலும் கொஞ்சம் மகிழமும், எப்படியோ தப்பிய நுணாவும், என் கணக்குக்கு எழுபது சொச்சம் பிழைத்துக்கொண்டன. கீரைக்கார அக்கா தினமும் கீரை அலசிய தண்ணீரை வேலிக்குள் ஊற்றியதும் ஒரு காரணம். மூன்றாவது வருடம் எல்லாம் ஆளுயரம் தாண்டி, ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டு, தையல்சிட்டு ஒன்று இலையைத் தைக்கத் தொடங்கிய வாரத்தில்தான் மாநகராட்சிக்குப் 'பராமரிப்பு' ஞாபகம் வந்தது.

ஒரே நாளில் பன்னிரண்டு பேர் வந்தார்கள். கீழ்க்கிளைகளை எல்லாம் கழித்துவிட்டார்கள், பார்வைக்கு மறைக்கிறதாம். சருகைக் கூட்டிக் கொளுத்தினார்கள், குப்பையாக இருக்கிறதாம். நடுவில் பேவர் பிளாக் பாதை போட்டார்கள், மக்கள் நடந்துபோய்க் காட்டை ரசிக்க. அதற்காக வழியில் நின்ற மரங்களை எடுத்தார்கள். மிஞ்சிய நாவலில் சீரியல் லைட் சுற்றினார்கள். தையல்சிட்டு தன் தையலைப் பாதியில் விட்டுவிட்டுப் போனது.

ஐயா, இந்த முறையில் மொத்த ரகசியமும் ஒன்றுதான். முதல் இரண்டு மூன்று வருடம் தண்ணீர் ஊற்ற, களை பறிக்க, ஆள் கட்டாயம் வேண்டும். அதற்குப் பிறகு ஆளே வரக் கூடாது. சருகு மட்கி உரமாகும், நிழல் விழுந்து களை அடங்கும், காடு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். மாநகராட்சி இந்த விதியைக் கச்சிதமாகத் தலைகீழாகப் பின்பற்றியிருக்கிறது. ஆள் வேண்டிய காலத்தில் ஒருவரும் இல்லை. ஆள் வேண்டாத காலத்தில் பன்னிரண்டு பேர்.

எங்கள் தரப்பையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பழைய மெத்தையை அந்த வேலிக்குள் போட்டது எங்கள் தெருவாசிகள்தான். பாம்பு வருகிறது, கொசு வருகிறது, மறைவில் காதலர் வருகிறார்கள் என்று மனுப் போட்டதும் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம்தான். நாங்கள் கொடுத்த மற்ற மனுக்கள் எல்லாம் பரிசீலனையில் இருக்க, இது ஒன்றுக்கு மட்டும் 48 மணி நேரத்தில் நடவடிக்கை எடுத்தீர்கள். கேட்டதைக் கொடுக்கிற தெய்வத்திடம் பார்த்துக் கேட்க வேண்டும் என்பார்கள். எங்களுக்குப் புத்தி வந்தது.

இன்னொன்று. பெரிய ரோட்டை அகலப்படுத்தியபோது அங்கே நின்ற ஆலமரத்தை வெட்டினீர்கள். "ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நடுகிறோம்" என்றார் தங்கள் அதிகாரி. அந்தப் பத்தும் எங்கள் பத்து சென்ட் காட்டின் கணக்கிலேயே காட்டப்பட்டது என்று கேள்வி. பஸ்ஸுக்காக அந்த ஆலமரத்து நிழலில் நின்றவர்கள் அப்போது இந்தக் கன்றுகளின் நிழலில் நின்றிருக்கலாம். கணுக்கால்வரை வெயில் பட்டிருக்காது. பழைய காலத்தில் அரசனுக்குக் காவல்மரம் என்று ஒன்று உண்டு. அதை எதிரி வெட்டினால்தான் தோல்வி. சொந்த மரத்தைத் தானே வெட்டி, அதைச் சாதனை மலரில் போட்டுக்கொள்ள அந்த அரசர்களுக்குத் தெரியவில்லை.

இவ்வளவும் குறை சொல்ல எழுதவில்லை. அடுத்த தெருவிலும் இந்த ஜூன் 5 அன்று ஒரு காடு திறக்கப்போவதாக ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன். விழா வேண்டாம் என்று சொல்ல நாங்கள் யார்? நிறுத்தச் சொல்லவில்லை, தள்ளிப்போடத்தான் சொல்கிறோம். மண்ணை இப்போது கொத்துங்கள். வீரையும் காசானும் வேண்டுமென்று நர்சரிக்கு இப்போதே சொல்லிவையுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால், மைக் இல்லாமல் நடுங்கள். கான்ட்ராக்டருக்குக் கடைசித் தவணைப் பணத்தை மூன்றாம் வருட முடிவில், உயிரோடு இருக்கிற கன்றை எண்ணிக் கொடுங்கள். கல்வெட்டையும் அன்றைக்கே திறங்கள். அன்றைய பதவியில் யார் இருப்பார்களோ என்ற கவலை இருந்தால், பெயருக்குக் கொஞ்சம் இடம் விட்டுச் செதுக்கச் சொல்லலாம். அதன்பின் வேலிக் கதவைப் பூட்டிச் சாவியைத் தொலைத்துவிடுங்கள்.

ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
எதிர்வீட்டுக்காரன்

பின்குறிப்பு: தண்ணீர் லாரி வருகிற கிழமையை முன்கூட்டியே சொன்னால் போதும். குடத்தோடு நாங்கள் நிற்கிறோம். ஷாமியானா, நாற்காலி எதுவும் வேண்டாம்.