ஒரே தேசம், ஒரே சர்க்கரை

2025-இல் ஒரு ரீல்ஸ் வந்தது. பாதித் தமிழ்நாடு கூமாப்பட்டிக்குக் கிளம்பியது. தென்னந்தோப்பையும் பிளவக்கல் அணையையும் பார்த்து, கிராமத்துக் காற்றைக் குடித்து, திரும்பும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆளுக்கு அரைக் கிலோ பால்கோவா வாங்கிப் போனார்கள். அரசும் அணைப் பூங்காவுக்கு 10 கோடி ரூபாய் அறிவித்தது. வைரலானால் நிதி வரும். சுகருக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை, பாவம்.

நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-இல் சொன்னது. தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். அந்த வாசற்படியில் நகரமும் கிராமமும் ஏறக்குறைய சமம். குடித்த காற்று வீண்.

ஊருக்கு வந்து போன நண்பர்களே, ரேஷன் கடையையும் ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கலாம். அரிசி சும்மா. சர்க்கரை கிலோ 25 ரூபாய். அரிசி வேண்டாம் என்பவருக்குக் கூடுதல் சர்க்கரை தர 'சர்க்கரை அட்டை' என்றே ஓர் அட்டை உண்டு. சந்தேகம் இருந்தால் விசாரித்துக்கொள்ளுங்கள். கம்பு வேண்டுமா? மளிகைக் கடைக்குப் போய்க் காசு கொடு. மூன்று வேளையும் சோற்றைப் போட்டு வளர்த்துவிட்டு, மருத்துவ முகாமில் செய்யும் உபதேசத்தைக் கேளுங்கள்:

"சோத்தைக் குறைங்கம்மா. தினமும் நடங்க."

"நடவுக்கு ரெண்டு மைலு நடந்துதான தாயி போறேன்?"

"அது வேலை. நான் சொல்றது வாக்கிங்."

வெறுங்காலோடு சேற்றில் நிற்கிறவளிடம் சொல்கிற புத்தி இது. காலில் முள் ஏறினதுகூடத் தெரியாமல் மரத்துப்போய், புண் புரையோடி, விரலை எடுத்த பிறகும் ஃபைலில் எழுதப்படுவது 'வாய்க்கட்டுப்பாடு இல்லை' என்பதுதான். குற்றவாளி எப்போதும் வாய். அதில் கவளத்தை வைத்த கை அரசாங்கத்தினுடையதாக இருந்தாலும்.

2021-இல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டின் மாநிலக் கணக்கெடுப்பில், சுகர் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 10.8 சதவீதம்தான். ஆனால் வாசலில் மாத்திரை கொடுத்துவிட்டு, கொல்லைப்புறமாக மூட்டையில் சர்க்கரை இறக்கினால் எந்த மாத்திரைதான் தாங்கும்?

தில்லி சளைத்ததா? சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை அதிகமுள்ள பாக்கெட்டில் கறுப்பு முத்திரை குத்துகிறார்கள். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் நட்சத்திரம் கொடுக்கலாமா என்று வரைவு போட்டது. விஷத்துக்குக்கூட அரை நட்சத்திரமாவது கிடைக்கட்டும் என்ற கருணை! பிறகு 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. திருவிழா: சாக்லேட்டும் பிஸ்கட்டும் 5 சதவீதம், சர்க்கரை மாத்திரையும் 5 சதவீதம். வியாதிக்கும் வைத்தியத்துக்கும் ஒரே வரி. சமூகநீதி இதைவிட எங்கே கிடைக்கும்?

நவம்பர் 14 உலக நீரிழிவு தினம். காலையில் டி-ஷர்ட் போட்டு விழிப்புணர்வு ஓட்டம், சிறப்பு விருந்தினர், சால்வை, முடிந்ததும் சர்க்கரை தூக்கலாக டீ. அதே நாள் குழந்தைகள் தினமும்கூட. பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுக்க அதே சிறப்பு விருந்தினர் வந்துவிடுவார்.